சைலன்சர் வெடிப்பும் எம்-சீல் ஐதீகமும்

திருவான்மியூரில், அதிலும் வால்மீகி நகர்ப் பக்கம் கடலை ஒட்டிக் குடியிருக்கும் கார்க்காரர்களிடையே, சைலன்சர் குழாய் துருவேறி வெடிப்பதற்கு உப்புக்காற்று ஒன்றே காரணம் என்ற அபிப்பிராயம் வெகு ஸ்திரமாக வேரூன்றியிருக்கிறது. உப்புக்காற்றின் கைவரிசையை மறுப்பாரில்லை. ஆயினும், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஜலம் ஆவியாகப் பிறக்கிறது என்பதையும், மருந்தீசுவரர் கோயில் வரை போய்வருவது போன்ற குறுஞ்சவாரிகளில் குழாய் நன்றாகச் சூடேறுமுன்பே எஞ்சின் அணைந்துவிடுவதால், அந்த ஆவி உள்ளேயே குளிர்ந்து, அமிலம் கலந்த நீராகத் தங்கித் தகட்டை உட்புறமிருந்து அரிக்கிறது என்பதையும் கவனித்தால், பழி முழுவதையும் சமுத்திர ராஜன்மீது சுமத்துவது நியாயமாகாது.

வெடிப்பைக் கண்டதும், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் கசிவை அடைத்த அதே எம்-சீலை எடுத்துக்கொண்டு காருக்கடியில் புகும் உற்சாகிகள் உண்டு. வீட்டு உபயோகத்துக்கான அந்த எபாக்ஸிப் பசை கொதிநீரின் உஷ்ணத்தை நெருங்கும்போதே பலமிழந்துவிடும். எஞ்சினை ஒட்டிய மேனிஃபோல்டோ, ஈ.சி.ஆரில் சற்று விரட்டினாலே 500 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடியது. குளிர்பான டின்னை வெட்டிச் சுற்றி, கிளாம்ப் போட்டு இறுக்கும் யுக்தியை நான் அவ்வளவு இளக்காரமாகப் பேசமாட்டேன்: அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டுமாதலால், பின்பகுதிக் குழாயில் அது தாக்குப்பிடிக்கும், வர்ணம் கருகி நாறுவதைச் சகித்துக்கொண்டால். கடையில் விற்கும் சைலன்சர் பேஸ்ட்டும், உஷ்ணத்தில் இறுகும் கண்ணாடியிழைக் கட்டுத்துணியும் அதைவிட உத்தமம். குழாய் ஆறியபின், கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டியெடுக்காமல் போட்ட கட்டு எதுவாயினும் துருவோடு பெயர்ந்து வந்துவிடும்.

எல்லாவற்றிலும் விபரீதமான நம்பிக்கை, சத்தம் அடங்கினால் ஆபத்தும் அடங்கிவிட்டது என்பதே. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான பலத்தோடு பற்றிக்கொள்ளும் சுபாவம் உடையது. 1995 ஏப்ரல் முதல் சென்னையின் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்பாகவே வெடிப்பு விழுந்திருந்தால், சுத்திகரிக்கப்படாத புகைதான் தரைத்தகட்டின் இடுக்குகள் வழியே உள்ளே புகும். காற்றோட்டத்துக்காக டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு போகும்படி யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஓடும் காரின் பின்னால் அழுத்தம் குறைந்து, புகை சுழன்று அவ்வழியாகவே இழுக்கப்படுவதால், செய்யத்தகாத காரியம் அதுவே. முன் கண்ணாடிகளை இறக்கி, நேரே ஒர்க்‌ஷாப்புக்கு விட வேண்டும். தலைவலியோ கிறக்கமோ தட்டுப்பட்டால் அங்கேயே இறங்கிவிட வேண்டும்.

வெல்டிங் வைத்தால் ஆயுசுக்கும் கவலையில்லை என்பது பாதி உண்மை. அரித்து மெலிந்த தகட்டில் வெல்டிங் பிடிக்காமல் பக்கத்திலேயே பொத்துக்கொள்ளும்; அத்துண்டை அறுத்தெறிந்து, புதுக்குழாய் வைத்துப் பற்றவைப்பதே முறை. அதற்குமுன் பேட்டரி வயரைக் கழற்றும்படி மெக்கானிக் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. வெல்டிங் மின்சாரம் வழிதவறிப் பாய்ந்து பழுதாக்கக்கூடிய, எஞ்சினை ஆளும் கணினியான ஈ.சி.யு.வின் விலை, சைலன்சரின் விலையைப் போலப் பல மடங்கு.