கரிசலில் கடைக்கால்

கேள்வி: கோவில்பட்டி பக்கம் கரிசல் நிலத்தில் நாங்களே ஆள் வைத்து வீடு கட்டுகிறோம். நான்கடி வானம் தோண்டினால் போதும் என்கிறார் மேஸ்திரி. போதுமா?

பதில்: மண் பரிசோதனை செய்யாமல் எந்த ஆழத்துக்கும் சம்மதிக்காதீர்கள். கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அந்த அசைவு எட்டாத ஆழத்தில் கடைக்கால் உட்கார வேண்டும். பல இடங்களில் அது நான்கடிக்கும் கீழே. அசைவு ஆழமாக இருந்தால், அடியில் குமிழ்போல் அகன்ற அண்டர்ரீம்டு பைல் போடச் சொல்வார் பொறியாளர். ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த இம்முறை கரிசலுக்கென்றே வந்தது எனலாம். பைல்மேல் ஓடும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். இல்லையேல் உப்பும் மண் பீமையே தூக்கும்.

குழியில் மழைநீர் நின்றால் சகதியை வழித்தெடுத்த பிறகே பி.சி.சி. போடவேண்டும். ஃபுட்டிங் கம்பிக்குக் கீழே 50 மி.மீ. கவர் பிளாக் கட்டாயம். உடைந்த செங்கல் வைக்க விடாதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சிக் கம்பியைத் துருவாக்கும். எம்20 கலவையில் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. பி.பி.சி. சிமெண்ட் என்றால் பத்து நாளாவது நீராற்றுங்கள்.

மேஸ்திரியின் அனுபவம் பெரிதுதான். ஆனாலும் ஆழத்தை மண் பரிசோதனை அறிக்கை சொல்லட்டும். அது வரும்வரை வானம் தோண்டுவதைத் தள்ளிப்போடுங்கள்.