கணிப்பொறிகளும் கைகுலுக்கும்

பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்



எங்கள் விடுதியில் ஒரே ஒரு தொலைபேசிதான் உண்டு. ஒரு மாலை எங்களுள் ஒருத்தி பேசி முடித்து, ரிசீவரைச் சரியாக வைக்காமல் சென்றுவிட்டாள். பாட்டிக்கு உடல்நிலை மோசம் என்று சொல்ல, இராசிபுரத்திலிருந்து ஒரு தாயார் இரவெல்லாம் முயன்றும் இணைப்புக் கிடைக்கவில்லை. மறுநாள்தான் அவர் மகளுக்குச் செய்தி தெரிந்தது. கணிப்பொறி வகுப்பில் 'சாக்கெட்' பற்றி அறிந்தபோது எங்களுக்கு அந்த இரவே நினைவுக்கு வந்தது.

ஒரு நிரல் வேறொரு கணிப்பொறியிலுள்ள நிரலோடு பேசுவதற்குத் திறக்கும் வாயிலே சாக்கெட். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 1983-இல் தாங்கள் வெளியிட்ட யூனிக்ஸில் இதனை அமைத்தனர்.

பேசுவதற்கு விதிமுறை வேண்டுமல்லவா? அதுவே 'புரோட்டோகால்'. டி.சி.பி. என்னும் விதிமுறைப்படி, அழைக்கும் கணிப்பொறி "பேசலாமா?" என்று கேட்கிறது. மற்றது, "பேசலாம், நான் சொல்வது கேட்கிறதா?" என்கிறது. "கேட்கிறது" என்று முதலாவது கூறியதும் இணைப்பு உறுதியாகிறது. இம்மூன்று படிகளுக்கும் 'கைகுலுக்கல்' என்றே பெயர். நம் நாட்டுக் கல்வி நிலையங்களை இணைக்க 1986-இல் தொடங்கிய எர்நெட் வலையும் இவ்விதிமுறையைக் கைக்கொண்டது. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கு பெற்றது.

ஒரே கணிப்பொறியில் பல நிரல்கள் இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் 'போர்ட்' என்னும் கதவு எண் உண்டு. எண்கள் 65535 வரை செல்லும். அஞ்சலுக்கு 25, பாதுகாப்பான இணையப் பக்கத்துக்கு 443. அழைப்பை ஏற்கும் நிரல் தன் கதவில் காத்திருந்து, வருகிற ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு புதிய சாக்கெட்டைத் திறக்கிறது.

விடைபெறுவதற்கும் முறை உண்டு. இரு பக்கமும் தனித்தனியே "முடித்துவிட்டேன்" என்று சொல்லி, மற்றவரின் ஒப்புதலைப் பெறவேண்டும். முதலில் முடித்தவர், கடைசிப் பதில் வழியில் தொலைந்திருக்குமோ என்று சிறிது நேரம் காத்திருப்பார்!

நிரல் எழுதியவர் சாக்கெட்டை மூட மறந்தால் என்ன ஆகும்? ஒரு நிரல் ஒரே சமயத்தில் இத்தனைதான் திறந்து வைக்கலாம் என்ற வரம்பு உண்டு. பல இயந்திரங்களில் அது 1024. மூடாத வாயில்கள் பெருகி வரம்பை எட்டிவிட்டால், இயந்திரம் நலமாக இருந்தும் புதிதாக வருபவருக்கு இடமில்லை. தேர்வு முடிவு பார்க்கும் நாளில் அவ்வாறு நேர்ந்தால் நம் கதி என்ன?

தோழியரே, தொடங்கத் தெரிந்தால் மட்டும் போதாது. முறையாக முடிக்கவும் தெரியவேண்டும். நாம் மூட மறந்த வாயிலுக்கு வெளியே யாரோ ஒருவர் காத்திருக்கிறார். இப்பொழுது எங்கள் விடுதியில், பேசி முடித்தவள் ரிசீவரை ஒருமுறை தொட்டுப் பார்த்த பிறகே நகர்கிறாள்.