தலைமன்னார்த் துறையும் ஒரு சிறுபுகையிரதமும்

பெரியதைச் சிறிதாகச் செய்து கண்டு மகிழும் விருப்பம் தமிழருக்குப் புதியதன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியில் நிற்பது சிறுதேர்ப் பருவம். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாத மூன்றுருளைத் தேரை உருட்டி விளையாடுகின்றனர். சூத்திரகரின் வடமொழி நாடகத்தைத் தமிழாக்கிய பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அதற்கு இட்ட பெயரும் மண்ணியற் சிறுதேர் என்பதே. ஆகவே, தமிழாசிரியர் ஒருவர் மாதிரிப் புகையிரதத்தைப் பற்றி எழுதப் புகுவது துறைமாறிய செயலென எவரும் கருதவேண்டுவதில்லை. உருளை மூன்றிலிருந்து பலவாகியிருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

சிலாவத்துறையிற் புகையிரதப் பாதை என்றும் இருந்ததில்லை. முத்துக்குளிப்பாற் பெயர்பெற்ற இக்கரையினர் வண்டியேற வேண்டுமாயின் முருங்கனுக்கோ மன்னாருக்கோ செல்லல் வேண்டும். எனினும், மதவாச்சியிற் பிரிந்து செட்டிகுளம், மடு வீதி, முருங்கன், மன்னார், பேசாலை எனச் சென்று தலைமன்னார்த் துறையிற் கடலைத் தொடும் அப்பாதை நம் மாவட்டத்தின் முதுகெலும்பாய் இருந்தது. 1914 இல் அது இந்தியாவோடு இணைந்தது. கொழும்பிலிருந்து புறப்படும் பயணி தலைமன்னாரிற் கப்பலேறி, ஏறத்தாழ 22 மைல் கடலைக் கடந்து தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து மீண்டும் புகையிரதத்திற் சென்னையை அடைவார். போட்மெயில் என்று இரு கரையாரும் வழங்கிய பெயர் அதனால் வந்தது. 1990 இல் போரினால் மன்னார்ப் பாலம் தகர்ந்தது, பாதையும் ஒழிந்தது. மீண்டும் தலைமன்னாருக்கு வண்டி வந்தது 2015 மார்ச்சு 14 ஆம் நாளில். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் மன்னாரில் ஒரு தலைமுறை தன் மாவட்டத்தில் வண்டியொலி கேளாமலே வளர்ந்தது. 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட முசலிப் பகுதி முஸ்லிம் மக்களின் பிள்ளைகளுட் பலர் புத்தளத்தில் வேறொரு பாதையின் ஒலியைக் கேட்டு வளர்ந்தனர். இன்று இவர்களெல்லாம் ஒரே வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர். மாதிரியுரு ஒன்று அமைப்பதற்கு இதனினும் தக்க பாதை நமக்கு வேறில்லை.

முதலிற் கணக்கு. இலங்கையின் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம். அஃதாவது 1676 மில்லிமீற்றர். கடைகளிற் கிடைக்கும் மாதிரித் தண்டவாளம் பெரும்பாலும் 16.5 மில்லிமீற்றர் அகலமுடையது. அது மேனாட்டுப் பாதையகலமாகிய 1435 மில்லிமீற்றரை 87 இல் ஒன்றாகக் குறைத்துச் செய்யப்பட்டது. அதே அளவுத்திட்டத்தில் நம் பாதையைச் செய்தால் 19.3 மில்லிமீற்றர் வேண்டும். கடைத் தண்டவாளம் உதவாது. ஆனால் 100 இல் ஒன்று என்று அளவுத்திட்டத்தை மாற்றிக்கொண்டால் 16.5 என்பது 1650 ஆகிவிடும். குறைவது மாதிரியிற் கால் மில்லிமீற்றரே. அதைக் கண்டுபிடிப்பவர் கண்டுபிடிக்கட்டும். கணக்கும் எளிதாகிறது: மெய்யான மீற்றர் ஒவ்வொன்றும் மாதிரியில் ஒரு சதமமீற்றர். நடுத்தர உயரமுள்ள ஓர் ஆள் 16.5 மில்லிமீற்றர். நம் பாதையின் அகலமும் ஓர் ஆளின் உயரமும் ஒன்றே என்பது மாணவருக்கு எளிதில் நினைவிருக்கும்.

அக்கரையில் நிலைமை வேறு. போட்மெயில் ஓடிய காலத்தில் தனுஷ்கோடிப் பாதை மீற்றர்ப் பாதை. நம் பெட்டிகள் அங்கே ஓடமாட்டா. அவர்களுடையவை இங்கே ஓடமாட்டா. பாம்பன் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டது 2007 இல். இரு கரைகளின் தண்டவாளங்களும் ஒரே அகலத்துக்கு வந்த அவ்வாண்டிற் கப்பலும் இல்லை. இக்கரையில் தண்டவாளமும் இல்லை. வரலாறு சிலவேளைகளில் இவ்வாறு நகையாடுகிறது.

எதைச் செய்வது? பாம்பன் பாலத்தைச் செய்ய ஆசைப்படாதவர் இலர். நடுவே இரு கைகளைப் போல் மேலே விரியும் அதன் ஷேர்சர் தூக்குப்பகுதியைப் பணியாளர் நெம்புகோல்களைத் தள்ளியே திறந்து வந்தனர். 1964 திசம்பர் 22 ஆம் நாள் இரவுப் புயல் தனுஷ்கோடியையும் அங்கு சென்ற வண்டியையும் விழுங்கியபோதும் அப்பகுதி பிழைத்து நின்றது. சிதைந்த ஏனைய பகுதிகளை எ. சிறீதரன் தலைமையிலானோர் 46 நாளிற் சீர்செய்தனர். 2025 ஏப்பிரலிற் புதிய பாலம் திறக்கப்பட்டுவிட்டது. ஆயினும் பழைய பாலத்தின் நீளம் 2 கிலோமீற்றருக்கு மேல். நம் அளவில் 20 மீற்றருக்கு மேல். கல்லூரி மண்டபமும் போதாது. நடுப்பகுதியோடு இருபுறமும் மும்மூன்று கண்களை மட்டும் செய்து நிறுத்துவது அறிவுடைமை. நம் பரிந்துரை அதனினும் எளியது: தலைமன்னார்த் துறை நிலையம். பாதை அங்கே முடிகிறது. ஆதலால் வளைவு வேண்டியதில்லை. எட்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமுமான ஒட்டுப்பலகை ஒன்று போதும். வந்த இயந்திரம் கழன்று, பக்கப்பாதையாற் சுற்றி, வண்டியின் மறுமுனையிற் பூட்டிக்கொள்ள வேண்டும். இச்சிறு வேலையே பார்ப்போரை நெடுநேரம் நிறுத்திவைக்கும். இயந்திரமாக, 1954 முதல் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவிலிருந்து வந்த எம்2 வகை டீசல் இயந்திரம் பொருந்தும். அவற்றுட் பல ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என அந்நாட்டு மாகாணப் பெயர்களைத் தாங்கியவை.

இனி, தொல்காப்பியரிடம் ஒரு பாடம் கேட்போம். பாட்டிற்கு முதற்பொருள் நிலமும் பொழுதும் என்றார் அவர். கருப்பொருளும் உரிப்பொருளும் பின்னரே. மாதிரியுரு அமைப்போர் பலர் கருப்பொருளிலேயே தொடங்கிவிடுகின்றனர். இயந்திரத்தை வாங்கிவிட்டு, அது எந்த ஊரில் எந்த ஆண்டில் ஓடுகிறது என்று பின்னர் யோசிக்கின்றனர். நிலம் நமக்கு நெய்தல், ஐயமில்லை. அதற்குரிய சிறுபொழுது எற்பாடு. ஆகவே மின்விளக்கை நேர்மேலே தொங்கவிடாது, கடல் இருக்கும் மேற்குப் பக்கத்திற் சற்றுத் தாழ்வாக வைக்க. நிழல்கள் நீண்டு விழும். சிறியது பெரியதாகத் தோன்றும். ஆனால் பொழுது என்பது நாளின் பொழுது மட்டுமன்று. எந்த ஆண்டு என்பதும் பொழுதே. காலக்கறை ஏற்றும் கலை முழுவதும் இவ்வொரு வினாவில் தங்கியிருக்கிறது.

காலக்கறை என்று நாம் சொல்வது, புதிதாய் மின்னும் மாதிரியை வெயிலும் மழையும் உப்பும் புகையும் பட்டதாகத் தோன்றச் செய்தலை. நம் கரையில் அதைச் செய்யும் கைகளை மாணவர் அறிவர். இரும்பு துருவேற நீரும் பிராணவாயுவும் வேண்டும். உப்பு அவ்வேலையை விரைவுபடுத்தும். சோளகம் வீசும் மாதங்களிற் கடற்காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வருகிறது. எனவே ஒரு கட்டடத்தின் நான்கு சுவரும் ஒரே வகையாய் அழுக்கடைவதில்லை. காற்றுப்படும் சுவரிற் பூச்சு உரியும். மறைவான சுவரிற் பாசி படரும். பீலியின் கீழே நீர் வழிந்த கோடு செங்குத்தாய் இறங்கும். தூரிகையைக் கையிலெடுக்குமுன் பலகையின் ஓரத்தில் வடதிசையைக் குறித்துக்கொள்க.

மணலைக் காட்ட மணல் உதவாது என்பது முதலில் வியப்பாய் இருக்கும். பாதையிற் கொட்டும் கல் ஏறத்தாழ 5 சதமமீற்றர்; நூறில் ஒன்றானால் அரை மில்லிமீற்றர். அது மணலின் அளவு. ஆகவே தேநீர் வடியில் அரித்த மணல் பாதைக்கல்லாகும். கடற்கரை மணலோ மாவினும் நுண்ணியதாகிவிட வேண்டும். அதற்குச் சுட்ட சிப்பிச் சுண்ணத்தூளோடு சிறிது காவித்தூள் கலந்து, பசை பூசிய பரப்பிலே தூவுக. கரையிலிருந்து எடுத்த மணலை நன்னீரிற் பன்முறை கழுவி வெயிலிற் காயவிடாமற் பயன்படுத்தலாகாது. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து, ஆணியையும் மின்கம்பியையும் அரித்துவிடும். கல்லைப் பரப்பியபின் வெள்ளைப் பசையை நீர்விட்டுக் கரைத்து, ஒரு துளி சவர்க்கார நீரும் சேர்த்துத் துளிகுழாயால் விடுக. சவர்க்காரம் இல்லையேல் பசை உருண்டு நிற்குமேயன்றி உள்ளே இறங்காது.

சிலிப்பர்க் கட்டைக்கு நெருப்புக்குச்சியே போதும். 27 மில்லிமீற்றராக நறுக்குக. மரக்கட்டை நெடுநாள் வெயிலிற் கிடந்தாற் கருமை போய்ச் சாம்பல் வெள்ளியாகும். எனவே கருங்கபிலம் பூசி, காய்ந்தபின் ஏறத்தாழ உலர்ந்த தூரிகையில் வெண்சாம்பல் நிறம் தொட்டு மேலே மெல்ல வருடுக. 2015 இன் பாதையைச் செய்வோர் இதைச் செய்யலாகாது. அது கொங்கிரீற்றுக் கட்டைகளின் மீது கிடக்கிறது. கட்டை ஒன்றைக் கண்டே காலத்தைச் சொல்லிவிடலாம்.

தகரக் கூரைக்கும் சரக்குப் பெட்டிக்கும் உப்புமுறை ஒன்றுண்டு. முதலில் துருநிறம் பூசிக் காயவிடுக. வேண்டிய இடத்தை நனைத்துக் கல்லுப்பைப் பொடித்துத் தூவுக. அது உலர்ந்தபின் மேல்நிறத்தை விசிறிப் பூசுக. அதுவும் காய்ந்தபின் விரலால் உரசினால் உப்பு உதிர்ந்து, பூச்சுக் கழன்று துரு வெளிப்பட்ட தோற்றம் அப்படியே வரும். மெய்யில் அழித்த உப்பே மாதிரியிலும் அழிவை வரைகிறது. இதைச் செய்துகாட்டும்போது வகுப்பிற் பின்வரிசையும் எழுந்து முன்னே வரக் கண்டிருக்கின்றோம். விளக்குக்கரியும் செங்கற்பொடியும் புகைக்கும் புழுதிக்கும் உதவும். மெய்யான இரும்புத்துகளை மட்டும் அணுகவிடற்க. இயந்திரத்தின் உள்ளிருக்கும் காந்தம் அதை இழுத்துக்கொண்டு மோட்டாரைக் கெடுக்கும்.

தண்டவாளத்துக்கு வருவோம். அதன் பக்கங்களுக்குத் துருக்கபிலம் பூசுக, மேற்றலையைத் துடைத்துவிடுக. வண்டி ஓடும் பாதையிற் சக்கரம் உராய்வதால் மேற்றலை வெள்ளிபோல் மின்னும். ஓடாத பாதையில் அதுவும் கபிலமாகிவிடும். நம் அளவில் அக்கோட்டின் அகலம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. உயிருள்ள பாதைக்கும் உயிரற்ற பாதைக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே.

இங்கே ஒரு கருத்து வேற்றுமையைச் சொல்லவேண்டியிருக்கிறது. காலக்கறை ஏற்றுவதிற் கைதேர்ந்தவர்களுக்குப் பாழடைந்தவற்றின்மீது ஒரு மோகம் உண்டு. பற்றை மூடிய பாதை, கூரையிழந்த நிலையம், சாய்ந்த கைகாட்டி எனக் கைத்திறனைக் காட்ட அவை இடந்தருவன. 1990 இற்கும் 2015 இற்கும் இடைப்பட்ட நம் பாதையையே செய்துவிடலாமே என்று சில இளைஞர் கேட்கின்றனர். நாம் இதற்கு உடன்படோம். அப்பாதையை உப்புக்காற்று அழிக்கவில்லை. எழுபத்தாறு ஆண்டு உப்புக்காற்றில் நின்று அது ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒழித்தது போர். போர்க்காலத்தில் வடபகுதிப் பாதைகளின் தண்டவாளங்களும் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் பெயர்த்தெடுக்கப்பட்டன. சன்னம் துளைத்த சுவர் காலக்கறையன்று, காயம். அதனை மெல்லிய தூரிகையால் அழகுற வரைந்து விழாக்காட்சியில் வைத்தால், அந்நிலையத்திற் பிள்ளைகளோடு மூட்டை தூக்கி நின்றவர்களுக்கு நாம் என்ன விடை சொல்வது? வரலாற்றை மறைப்பதாகாதா என்று மறுப்பர். மறைக்க வேண்டுவதில்லை; மாதிரியின் அருகே ஆண்டுகளைத் தெளிவாக எழுதிவைக்கலாம். எழுத்து ஆற்றும் பணி வேறு, பொம்மை ஆற்றும் பணி வேறு.

ஆகவே நாம் தேர்வது 1970 களின் ஒரு மாலைப்பொழுது. புயலின் பின் தனுஷ்கோடிக்குப் பதிலாக இராமேசுவரத்திலிருந்து இராமானுஜம் கப்பல் வந்து சென்ற காலம் அது. மேடையில் ஓலைப்பெட்டியும் தலைச்சுமையுமாய்ச் சிலர். மரக்கட்டை வெளுத்திருக்கிறது, தகரம் துருவேறியிருக்கிறது, தண்டவாளத்தின் தலை மின்னுகிறது. மன்னாரை அறிந்தவர் இரண்டு கழுதைகளை விட்டுவிடமாட்டார். அவை 11 மில்லிமீற்றர் உயரம் இருத்தல் போதும். பெருக்கமரம் ஒன்று வைப்போர் அடிமரத்தைக் களிமண்ணாற் பருமனாய்ச் செய்க. பனைக்கு மூங்கிற்குச்சியும் விசிறிபோல் வெட்டிய தாளும்.

முடிந்த மாதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தல் வேண்டும். மெய்யான தூசியின் துணுக்கு நூறில் ஒன்றான உலகிற் கூழாங்கல்லாகத் தோன்றும். பன்னிரண்டு வோல்ற்று மின் தடையின்றிச் செல்லத் தண்டவாளத்தின் தலையை வாரமொருமுறை மதுசாரம் தோய்த்த துணியால் துடைக்க. வாடை தொடங்குமுன் பெட்டியின் இடுக்குகளை மெழுகால் அடைத்துவிடுவது நன்று.