முதல் தடவை முகாமுக்குப் போகும் பிள்ளை



தோட்டத்தை விட்டுச் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போனவர்கள் நம் குடும்பங்களில் நிறைய உண்டு. அப்படிக் கேலாங் அடுக்குமாடி வீட்டில் வளரும் உங்கள் பேரப்பிள்ளையின் கையில் ஒருநாள் பள்ளிக்கூடம் ஒரு கடிதம் கொடுத்தனுப்பும். முகாம், இரவு தங்கல், பெற்றோர் கையெழுத்து தேவை என்று அதில் இருக்கும். புலாவ் உபின் தீவில் 1967-இல் தொடங்கிய அவுட்வர்ட் பவுண்ட் நிலையத்தின் ஐந்து நாள் முகாமுக்கு, உயர்நிலை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் அனுப்பும் திட்டம் 2016-இல் அறிவிக்கப்பட்டது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் முகாம் உண்டு. நம் தோட்டத்துப் பிள்ளைகளும் சாரணர் முகாமுக்குப் போகிறார்கள். ஆகவே இது எல்லாருக்கும் உள்ள விஷயம்தான்.

பகலில் ஓடியாடும் பிள்ளைக்கு வீட்டு நினைப்பு வராது. படுக்கும் நேரத்தில்தான் வரும். சில பிள்ளைகள் "வயிறு வலிக்குது" என்று சொல்லும். அது பொய்யல்ல. மனக்கலக்கம் வயிற்றைப் பிடிக்கும்.

இதற்கு மருந்து பழக்கம். பெரட்டுக்குப் போகும் தாய் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் பழக்கவில்லையா? அதுபோல, முகாமுக்கு ஒரு மாதம் முன்பே சித்தி வீட்டிலோ அத்தை வீட்டிலோ ஓர் இரவு தனியாகப் படுக்க விடுங்கள். பிறகு இரண்டு இரவு. நடுவில் போன் போட்டுக் கொஞ்ச வேண்டாம். பெரும்பாலான முகாம்களில் கைத்தொலைபேசிக்கு இடம் கிடையாது. கேலாங்கில் தெருவிளக்கு விடிய விடிய எரியும். அந்த வெளிச்சத்திலேயே தூங்கிய பிள்ளைக்குக் கூடாரத்து இருட்டு புதிது. வீட்டிலேயே விளக்கை அணைத்து, டார்ச் லைட்டைக் கையில் கொடுத்துப் பழக்குங்கள்.

"பிடிக்கலேன்னா சொல்லு கண்ணு, அப்பா வந்து கூட்டிக்கிட்டு வந்துடறேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாசத்தில் வரும் வார்த்தைதான். ஆனால் "உன்னால் முடியாது" என்றுதான் பிள்ளை அதைப் புரிந்துகொள்ளும். முதல் இரவே அப்பாவை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2007-இல் வெளியிட்ட அறிக்கையும் இப்படி வாக்குக் கொடுக்க வேண்டாம் என்றே எச்சரித்தது. "வீட்டு ஞாபகம் வரும், எல்லாருக்கும் வரும். வந்தா டீச்சர்கிட்ட சொல்லு, இல்லேன்னா கூட்டாளிகிட்ட பேசு" என்று சொல்லி அனுப்புங்கள். பிள்ளை உண்ணாமல் உறங்காமல் கிடந்து, ஆசிரியரே கூப்பிட்டால் அது வேறு. உடனே போக வேண்டும்.

படுக்கையில் சிறுநீர் போகும் பிள்ளையா? மறைக்காதீர்கள். ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். முன்னதாகவே டாக்டரையும் பாருங்கள். மாற்றுத் துணியை ஒரு பையில் சுற்றி, அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குக் காட்டிவிடுங்கள். இதற்குப் பயந்தே முகாம் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் உண்டு. காரணத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

வழியனுப்பும்போது கண்ணீரை அடக்குங்கள், அம்மா. பாட்டிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திரும்பி வந்ததும் "அழுதியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்க வேண்டாம். குளிக்கட்டும், சோறு சாப்பிடட்டும். தூங்கி எழுந்த பிறகு தானாகவே சொல்லும்.