வீடா, ஆஸ்பத்திரியா?

கேள்வி: எண்பது வயதான என் தகப்பனார், எந்த நோய் வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். அவருடைய பிடிவாதத்துக்கு இணங்கலாமா?

பதில்: பிடிவாதம் என்று பெயரிட்டுவிடுவது சுலபம், ஆயினும் இரவு பகல் பேதமற்ற விளக்கொளியில், பழகாத முகங்களுக்கிடையே கிடக்கும் விருத்தர்களுக்குத் திடீரெனச் சித்தக் குழப்பம் உண்டாவதும், சில தினங்கள் படுக்கையில் கிடந்தாலே கால்கள் பலமிழப்பதும் வைத்தியர்கள் நன்கறிந்த விஷயங்களாதலால், அவருடைய அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. இதை உணர்ந்தே பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியர்கள், நிமோனியா, இருதயத் தளர்ச்சி போன்ற வியாதிகளுக்கு ஆஸ்பத்திரிச் சிகிச்சையையே வீட்டில் அளிக்கும் முறையை 1990களில் வகுத்தார்கள்.

நம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வாசலுக்கே கொண்டுவருகிறது. நாட்பட்ட வியாதிகளுக்கு அது பேருபகாரம். ஆனால் மாரடைப்பு, இடுப்பெலும்பு முறிவு, பக்கவாதம் ஆகியவற்றில் தர்க்கத்துக்கு இடமில்லை. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

வீட்டுச் சிகிச்சை என்று நாம் சொல்வது, பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் உறக்கத்தைச் செலவிட்டு நடப்பது என்பதையும் யோசியுங்கள். தகப்பனார் தேக சௌக்கியமாயிருக்கும் இப்பொழுதே, குடும்ப வைத்தியரையும் உடன் வைத்துக்கொண்டு, எந்த நோய்க்கு வருவார், எதற்கு வரமாட்டார் என்று அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.