கண்ணுக்கு மட்டும் ஓர் அழைப்பிதழ்

2005இல் தொடங்கிய உலகப் பயன்பாட்டு எளிமை நாளையொட்டி வடிவமைப்பாளர்கள் நடத்திய கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் மென்பொருளை இயக்கிக் காட்டினார். நான் வடிவமைத்த நம் கழகக் கலைவிழா அழைப்பிதழைப் பெருமையோடு கொடுத்தேன். கணினி "படம்" என்று மட்டும் சொல்லி நின்றது. "என்னை அழைக்கவில்லையா?" என்று சிரித்தார் அவர். எனக்கு வெட்கமாகிவிட்டது.

நாள், நேரம், இடம் யாவும் படத்துக்குள் அடங்கியிருந்தன. அவற்றையே யூனிகோட் எழுத்தில் தட்டச்சு செய்ததும் கணினி தமிழில் படித்தது. படத்துக்கு மாற்றுரை தேவை, சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1 வேண்டும் என்பவற்றையும் அன்றுதான் கற்றேன்.

நண்பர்களே, அடுத்த அழைப்பிதழை அனுப்புமுன் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.