தாத்தாவின் பறவைக் குறிப்பேடுகள்

பாலோ, ஜொகூர்

அன்புள்ள தம்பிக்கு,

தாத்தாவின் பறவைக் குறிப்பேடுகளையும் தொலைநோக்கியையும் நினைவுப் பொருளாக அலமாரியில் வைத்துப் பூட்டலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். இரண்டுக்கும் இன்னும் வேலை இருக்கிறது.

உன் தாத்தாவும் நானும் ஒரே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் தலையில் விளக்கோடு நிரைக்குப் போகும்போது இருட்டில் பக்கி ‘டொக் டொக்’ என்று விடாமல் குரல் கொடுக்கும். அது என்ன பறவை என்று தேடிப் போனதில்தான் நாங்கள் நண்பர்களானோம். எனக்குக் கண் கூர்மை, அவருக்குக் காது. இலைக்குள் ஒளிந்திருக்கும் குருவியைக் குரலை வைத்தே சொல்லிவிடுவார். இப்போது தனியாக நடக்கிறேன். குரல்கள் கேட்கின்றன, பல குரல்களுக்குப் பெயர் தெரியவில்லை.

நண்பரை இழக்கும் இந்தத் துயரம் பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது. லோக் வான் தோ 1915-இல் கோலாலம்பூரில் பிறந்தவர். கேத்தே திரைப்பட நிறுவனத்தை நடத்திய செல்வந்தர். 1942-இல் ஜப்பானியப் படையிடமிருந்து தப்பிச் சிங்கப்பூரைவிட்டுப் போன அவருடைய கப்பல் குண்டுவீச்சில் சிக்கியது. தீக்காயங்களோடு உயிர் பிழைத்து இந்தியா போய்ச் சேர்ந்தார். அங்கே பறவை அறிஞர் சாலிம் அலி அவருக்கு நண்பரானார். லோக் பறவைகளைப் படமெடுத்தார். நண்பரின் ஆய்வுப் பயணங்களுக்குப் பணம் தந்து உதவினார். 1957-இல் தம் பறவைப் படங்களோடு ஒரு நூலும் வெளியிட்டார். 1964 ஜூன் 20 அன்று தைவானில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்தார். வயது 49.

சாலிம் அலிக்கு அப்போது 67. அவர் வேலையை நிறுத்தவில்லை. பறவை அறிஞர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து இந்திய, பாகிஸ்தான் பறவைகளைப் பற்றிய 10 தொகுதிகளை 1968 முதல் 1974 வரை கொண்டுவந்தார். 1985-இல் வெளிவந்த தன்வரலாற்று நூலிலும் லோக்கை நினைவுகூர்ந்தார். நண்பரைப் பற்றி எழுதுவது ஒரு கடமை. இருவரும் நேசித்த வேலையைத் தொடர்வது இன்னொரு கடமை. இரண்டையும் அவர் செய்தார். நீயும் செய்யலாம்.

முதலில் குறிப்பேடுகள். அவற்றில் அபூர்வப் பறவை ஏதும் இல்லையே என்று நினைக்காதே. குயிலையே எடுத்துக்கொள். அது காகத்தின் கூட்டில் முட்டையிடும். நம் வீட்டைச் சுற்றித் திரியும் காகமோ 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. அது பரவிய பிறகுதான் இந்த நாட்டு ஊர்களில் குயிலும் பெருகியது. ஆகவே பாலோவில் குயில் கூவியதாகத் தாத்தா எழுதிய ஒவ்வொரு தேதியும் அதற்கு ஒரு சான்று. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது எந்தப் பறவை குறைந்தது, எது கூடியது என்பதற்கும் அந்தப் பக்கங்களே சாட்சி.

எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வை. பிறகு பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ‘ஈபேர்ட்’ இணையதளத்தில் பழைய பதிவுகளாக ஏற்று; தேதியும் இடமும் இருந்தால் போதும். அவர் எண்ணிக்கை எழுதாத இடத்தில் நீயாக ஓர் எண்ணை ஊகித்துப் போடாதே. எழுத்து புரியாவிட்டால் என்னிடம் கொண்டுவா.

அடுத்தது தொலைநோக்கி. நம் ஊர் ஈரக்காற்றில் பூட்டிய அலமாரியில் கிடந்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வை. வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்துப் பார்.

பறவையைப் பார்த்ததும் தேதி, நேரம், இடம், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்ற ஐந்தையும் எழுது. அதன் பிறகே பறவைகளை அடையாளம் காட்டும் புத்தகத்தைத் திற. முதலில் புத்தகத்தைத் திறந்தால், படத்தில் இருப்பதையே பார்த்ததாக மனம் சாதிக்கும். வாரம் ஒரு குரலையாவது பழகு. ஆண்டின் பிற்பகுதியில் வடக்கிலிருந்து தகைவிலான்கள் வரத் தொடங்கும். முதல் பறவையைக் கண்ட நாளைத் தாத்தா ஆண்டுதோறும் குறித்து வந்தார். அந்த வரிசை அறுந்து போகக் கூடாது.

பள்ளி விடுமுறையில் பாலோவுக்கு வா. உன் வகுப்புத் தோழன் ஒருவனையும் அழைத்து வா. பறவை பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கண்டதை மற்றவர் சரிபார்ப்பார். உன் தாத்தாவிடம் நான் கற்ற முதல் பாடம் அதுதான்.

அன்புடன்,
உன் தாத்தாவின் நண்பன்